நடுவர் காணாத தொடுகை

விளையாட்டுத் திடலில் நடுவரோடு வாதிடும் வீரனைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. பங்குத் திருவிழாவையொட்டிப் போட்டிகள் நடத்தும் பெரியவர்கள், ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது’ என்று அறிவிப்புத் தாளின் அடியில் அச்சிட்டுவிட்டு, வாதிடுவோனை அடங்காதவன் என்று ஒதுக்குகிறார்கள். இளைஞர்களோ, ‘நீதிக்காகத்தானே வாதிடுகிறோம்’ என்கிறார்கள். இவ்விரண்டில் எதையும் நான் ஏற்பதற்கில்லை.

முதலில் இளைஞர்களின் கூற்றை எடுத்துக்கொள்வோம். வந்தவாசி வட்டாரத்தில், மகேந்திர பல்லவன் குடைவித்த குகைக்கோயிலால் பெயர்பெற்ற ஊர் சீயமங்கலம். பல ஆண்டுகளுக்குமுன் ஒரு காணும் பொங்கலன்று அங்கு நடந்த கபடிப் போட்டியில் நானும் ஆடினேன். பரிசு ஓர் எவர்சில்வர் குடம். பாடி வந்த எதிரணி இளைஞனின் விரல்நுனி என் முழங்காலில் பட்டது. நடுவர் காணவில்லை. தொட்டவன் கையை உயர்த்தி முறையிட்டான். நடுவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆட்டம் தொடர்ந்தது. சற்றுப் பொறுத்து நான் பாடிச் சென்று ஒருவனைத் தொட்டு மீண்டதாக உறுதியாய் நம்பினேன். நடுவர் இல்லையென்றார். அப்போது நான் எழுப்பிய கூச்சலில் ‘நீதி’, ‘நேர்மை’ ஆகிய சொற்கள் தாராளமாய்ப் புழங்கின. என் முழங்கால் மட்டும் மௌனம் சாதித்தது.

வீரர்கள் ஏன் வாதிடுகிறார்கள்? பணத்துக்காக என்றால், ஒரு குடத்துக்காக நாங்கள் தொண்டை வறளக் கத்தியதேன்? இளரத்தம் என்றால், அந்த ரத்தம் எங்களுக்குப் பாதகமான தீர்ப்பின்போது மட்டும் கொதித்ததேன்? வாதிடுவோர் பொய்யர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1951இல் அமெரிக்காவின் டார்ட்மத், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதிய கால்பந்தாட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் உளவியலார் காட்டினார்கள். டார்ட்மத் வீரர் செய்த விதிமீறல்களாக அக்கல்லூரி மாணவர் எண்ணியவற்றைவிட இருமடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர் எண்ணினார்கள். படம் ஒன்றே, கண்கள்தாம் வேறு. விருப்பம் முந்திக்கொள்ள, பார்வை அதன்பின் சென்றது.

நடுவரின் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமை கிரிக்கெட்டில் 2008ஆம் ஆண்டு இந்திய அணியின் இலங்கைப் பயணத்தில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. இன்று அது வழக்கமாகிவிட்டது. வீரர்கள் மிகுந்த உறுதியோடு கேட்கும் மறுபரிசீலனைகளில் பெரும்பகுதி தோற்றுப்போகின்றன. அதைவிடக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: ‘எங்களுக்கு ஆதரவாகத் தவறாய்த் தீர்ப்பளித்துவிட்டீர், மீண்டும் பாரும்’ என்று முறையிடும் அணியை நாம் காண்பதில்லை.

ஆனால் அவ்வாறு செய்த மனிதர் ஒருவர் நம் நாட்டில் உண்டு. 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில் இங்கிலாந்தின் பாப் டெய்லர் பிடிகொடுத்து ஆட்டமிழந்ததாக நடுவர் கையை உயர்த்தினார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த இந்திய அணித் தலைவர் ஜி. ஆர். விஸ்வநாத், நடுவரிடம் பேசி டெய்லரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் என்று தத்தளித்திருந்த இங்கிலாந்து, போத்தமும் டெய்லரும் சேர்ந்தெடுத்த 171 ஓட்டங்களால் நிமிர்ந்தது. இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது.

சரியாக ஓராண்டு கழித்து, 1981 பிப்ரவரியில், மெல்போர்னில் விஸ்வநாத்தின் மைத்துனர் சுனில் கவாஸ்கர் 70 ஓட்டங்களில் எல்.பி.டபிள்யூ. என்று வெளியேற்றப்பட்டார். பந்து முதலில் மட்டையில்தான் பட்டது என்பது அவர் வாதம். சினங்கொண்டு, உடன் ஆடிய சேத்தன் சௌகானையும் திடலைவிட்டு அழைத்துச் சென்றார். எல்லைக்கோட்டருகே அணியின் மேலாளர் தலையிட்டுச் சௌகானைத் திருப்பியனுப்பினார். அந்த ஆட்டத்தில் இந்தியா 59 ஓட்டங்களில் வென்றது. தம் செயலுக்காகக் கவாஸ்கர் பின்னாளில் வருந்தியதுண்டு. இருவரும் பெருவீரர்களே, இருவரும் நடுவரின் தீர்ப்பை மறுத்தவர்களே. ஒருவர் தம் அணிக்குக் கிடைத்த ஆதாயத்தை மறுத்தார். மற்றவர் தமக்கு நேர்ந்த இழப்பை மறுத்தார். நீதியின்மேல் வைத்த பற்று எது, தன்மேல் வைத்த பற்று எது என்பதை உரைத்துப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

இதைக் கேட்டதும், வாய்மூடிப் பணிவதே அறம் என்று பெரியவர்கள் மகிழ வேண்டாம். கண்டி கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற தமிழர் முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று 1995இல் மெல்போர்னில் நடுவர் டாரெல் ஹேர் ஏழுமுறை ‘நோ-பால்’ அறிவித்தார். 1999 சனவரியில் அடிலெய்டில் ராஸ் எமர்சன் அதையே மீண்டும் செய்தபோது, அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்று வாதாடினார். இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு தமிழருக்காக ஒரு சிங்களத் தலைவர் உலகின்முன் நின்றார். அவர் விரல் நீட்டிப் பேசிய விதம் கடுமையானதே, தம் அணியின் நலமும் அதில் கலந்திருந்ததே, தண்டனையும் பெற்றார். எனினும், பின்னர் நடந்த ஆய்வுகள் ஏறத்தாழ எல்லாப் பந்துவீச்சாளரின் முழங்கையும் ஓரளவு நிமிர்வதைக் காட்டின. 2005இல் 15 பாகைவரை இடந்தந்து விதியே மாற்றப்பட்டது. முரளிதரன் 2010இல் 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வுபெற்றார். அன்று எல்லாரும் ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது’ என்று அடங்கியிருந்தால்?

தலைமைக் குருவின்முன் காவலர் ஒருவர் அறைந்தபோது நம் ஆண்டவர் வாளாவிருக்கவில்லை. தாம் பேசியதில் தவறிருந்தால் காட்டும்படியும், இல்லையெனில் அடித்ததன் காரணத்தைச் சொல்லும்படியும் கேட்டார் என்கிறது யோவான் நற்செய்தி. புனித பவுலோ சீசரிடமே மேல்முறையீடு செய்தார். ஆகவே, கேள்வி கேட்பவரையெல்லாம் கீழ்ப்படியாதவர் என்று முத்திரை குத்துவது, திடலிலாயினும் பங்குப் பேரவையிலாயினும், நற்செய்தியின் வழியன்று.

வாதிடும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் தனக்குச் சாதகமான தவற்றையும் எடுத்துச் சொல்பவனின் வாதத்துக்கே எடையுண்டு. வரப்புத் தகராற்றில் ஒரு முழம் பறிபோனதை ஊர்கூட்டிச் சொல்லும் நாம், அரைமுழம் நம் பக்கம் சேர்ந்ததை யாரிடம் சொன்னோம்? பாவசங்கீர்த்தனத்துக்கு முன் நாம் செய்யும் ஆத்தும சோதனை இங்கிருந்து தொடங்கட்டும்.

திருவிழாப் போட்டிகளை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். அறிவிப்புத் தாளில் அந்தப் பழைய வரியின்கீழ், ‘நடுவர் காணாததை ஆடுவோர் தாமே சொல்லவேண்டும்’ என்றும் அச்சிடுங்கள். அவ்வாறு எழுந்து சொல்லும் முதல் சிறுவனுக்கு, அவன் அணி தோற்றிருந்தாலும், குடத்தைக் கொடுங்கள்.