ஸ்ரீஹரியை ஏளனம் செய்யலாமா?

பெங்களூர் நீச்சல் வீரர் ஸ்ரீஹரி நடராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 'பேக் ஸ்டிரோக்' எனும் மல்லாந்து நீந்தும் 100 மீட்டர் போட்டியில் 33-வது இடம் பெற்றார். உடனே ஆபீஸ் கான்டீன்களிலும் டீக்கடைகளிலும் ஏளனம் கிளம்பிவிட்டது. கோட்டாவில் போனவர்தானே, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார் என்று!

கோட்டாவில் போனது உண்மை. தகுதி நேரத்தைத் தொட்டவர் ஒருவருமில்லாத நாட்டுக்கு ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இடம் தருகிறார்கள். ஆனால் இதே ஸ்ரீஹரி மூன்று வருடங்களுக்கு முன் யார் தயவுமின்றி டோக்கியோவுக்குப் போனவர் என்பதை ஏளனக்காரர்கள் மறந்துவிட்டார்கள்.

அப்போது கொரோனா. நாட்டின் நீச்சல் குளங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. ஓட்டக்காரன் மொட்டை மாடியிலாவது ஓடிப் பழகலாம். நீச்சல்காரன் எங்கே போவான்? அதற்கெல்லாம் பிறகுதான் 2021 ஜூனில் ரோம் நகரில் அவர் நீந்தினார். தகுதி நேரம் 53.85 வினாடி. முதலில் வந்தது 53.90. கடைசி நாளில், நேரம் குறிப்பதற்கென்றே நடந்த தனி நீச்சலில் 53.77! வித்தியாசம் வினாடியில் நூற்றில் எட்டுப் பங்கு. தண்ணீரில் அளந்தால் ஒரு சாண்கூட இல்லை. (பத்து நிமிடம் தாமதமாக வரும் வண்டியை 'ரைட் டைம்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு புரிவது சிரமம்தான்.)

பாரிஸுக்குத் தகுதி நேரத்தை 53.74 ஆகக் குறைத்தார்கள். அதாவது, டோக்கியோவுக்கு அனுப்பி வைத்த அதே நீச்சல் பாரிஸுக்குப் போதாது. மூன்று விரற்கடை தூரம் குறைகிறது! 2022-ல் இத்தாலியின் செக்கோன் உலக சாதனையை 51.60-க்குக் கொண்டுபோனார். உலகம் வேகமாக நீந்திக்கொண்டிருந்தது. பாரிஸில் ஸ்ரீஹரிக்கு 55.01 ஆனது. தம்முடைய நல்ல நேரத்தை அவர் அங்கே எட்டவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் குறை அவரிடம் மட்டுமா? உள்நாட்டுப் போட்டியில் பக்கத்துத் தடத்தில் விரட்டி வர அவருக்கு அநேகமாக ஆளில்லை. கடிகாரத்தோடு மட்டும் எத்தனை நாள் போட்டியிடுவது? சமமானவர்களோடு நீந்தவிட்டால் நடப்பது வேறு. 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் 50 மீட்டரில் ஐந்தாவது இடம், 100 மீட்டரில் ஏழாவது இடம். 2025-ல் ஆசிய நீச்சல் போட்டி அகமதாபாத்துக்கு வந்தது; அங்கே வெள்ளிப் பதக்கங்கள். நம்மவர்கள் கைதட்ட, வெளிநாட்டார் நெருக்க நீந்தியபோது கிடைத்தவை அவை.

நிஷா மில்லட், ஷிகா டாண்டன், ரெஹான் பூஞ்சா, ககன் என்று ஒலிம்பிக்குக்கு வரிசையாக ஆள் அனுப்பிய ஊர் பெங்களூர். பாரிஸுக்கு ஸ்ரீஹரியோடு போன பதினான்கு வயதுச் சிறுமி தினிதி தேசிங்குவும் இவ்வூர்தான். அப்படிப்பட்ட ஆசியப் போட்டி ஒன்றை இங்கேயே நடத்தக் கூடாதா? அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் நம் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பார்களே!