ஏரியைக் காக்க ஒரு சிறு கருவி

அமெரிக்காவில் டொலிடோ என்று ஒரு நகரம். ஈரி என்ற பெரிய ஏரிதான் அதற்குத் தண்ணீர் தருகிறது. 2014-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி, "குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, காய்ச்சியும் குடிக்கக் கூடாது" என்று அங்கே அறிவித்தார்கள். சுமார் 4 லட்சம் பேர் குடிநீருக்குத் தவித்தார்கள். மூன்றாம் நாள்தான் தடை நீங்கியது.

காரணம் என்ன?

ஏரியில் நீலப்பச்சைப் பாசி மண்டி, நஞ்சைக் கக்கியது. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. பாசிக்குத் தீனி போட்டது பாஸ்பேட். வயலுக்குப் போட்ட உரத்தில் ஒரு பகுதி மழையில் கரைந்து, மவ்மீ ஆற்றின் வழியாக ஏரிக்குப் போய்விட்டது. உழவருக்குப் பணம் நஷ்டம். ஊருக்குத் தண்ணீர் நஷ்டம்!

2016-ல் அமெரிக்காவும் கனடாவும், ஈரி ஏரிக்குப் போகும் பாஸ்பரசை நூற்றுக்கு 40 பங்கு குறைக்க இலக்கு வைத்தன. நல்லதுதான். ஆனால் எந்த வாய்க்காலில் எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் எப்படிக் குறைப்பது? பாஸ்பேட் தண்ணீரில் கரைந்தால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைப் புட்டியில் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புவதே வழக்கம். முடிவு வருவதற்குள் அந்தத் தண்ணீர் ஏரியில் கலந்துவிடும். கரையிலேயே அளக்கும் இயந்திரங்களும் உண்டு. ஆனால் விலை அதிகம்.

என்சைம் செய்யும் வேலை

விஞ்ஞானிகள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். சர்க்கரை நோயாளி ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து வீட்டிலேயே அளந்துகொள்கிறார் அல்லவா? அதே தத்துவம்தான். உயிர்களின் உடலில் ரசாயன மாறுதலை விரைவாக நடத்தும் பொருளுக்கு என்சைம் என்று பெயர். பைருவேட் ஆக்சிடேஸ் என்ற என்சைம் வேலை செய்யப் பாஸ்பேட் தேவை. அது வேலை செய்யும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். கருவியின் முனையில் அது சிறு மின்னோட்டத்தை எழுப்பும். பாஸ்பேட் கூடினால் மின்னோட்டமும் கூடும்.

குறையும் உண்டு. நாளாக ஆக என்சைம் வலுவிழக்கும். வெப்பமும் அதைக் கெடுக்கும். தண்ணீரில் உள்ள வேறு பொருள்கள் கணக்கைக் குழப்பும். அதனால் இந்தக் கருவி சர்க்கரைக் கருவிபோல் எங்கும் பரவவில்லை.

அதற்காகக் கைவிடலாமா? கூடாது. என்சைமைக் கொண்டு சர்க்கரையை அளக்கலாம் என்ற யோசனையை லேலண்ட் கிளார்க் 1962-ல் வெளியிட்டார். அது வீட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. நோயாளிக்காகக் காட்டிய அந்தப் பொறுமையை ஏரிக்காகவும் காட்ட வேண்டும். அரசுகள் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். உழவர் கையிலேயே மலிவான கருவி இருந்தால், உரம் எங்கே கசிகிறது என்று அவரே கண்டுகொள்வார். தண்டனையைவிட அது மேல்.

பாசி படர்ந்தபின் ஏரியைத் தூற்றிப் பயன் என்ன? வாய்க்காலிலேயே அளப்பதுதான் புத்திசாலித்தனம்.