தூதரக உதவி சலுகையன்று

அந்நிய தேசத்தில் குற்றம் புரிந்தவனுக்குத் தூதரக உதவி எதற்கு என்று தேனாம்பேட்டைக் கூட்டமொன்றில் நண்பர் வாதித்தது, கைதானவனையெல்லாம் விசாரணைக்கு முன்பே குற்றவாளியாக்கிவிடும் அநியாயம். 1963ஆம் வருஷத்து வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது ஷரத்து, கைதானவனுக்கு இவ்வுரிமையைத் தாமதமின்றித் தெரிவிக்கச் சொல்கிறது. உளவுக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அது உண்டென்று, பாகிஸ்தான் சிறையிலிட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவுக்காக நம் தேசமே தொடுத்த வழக்கில், சர்வதேச நீதிமன்றம் 2019 ஜூலை 17 அன்று தீர்ப்பளித்தது.

2013இல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்ட ‘சீமேன் கார்ட் ஓஹியோ’ கப்பலின் பிரிட்டிஷ், எஸ்தோனிய, உக்ரேனியரும் நம்மவரும், 2016இல் ஆயுத வழக்கில் ஐந்தாண்டுத் தண்டனை பெற்று, மறு வருஷமே உயர்நீதிமன்ற மதுரைக் கிளையால் விடுதலையானார்களே, அவர்களையும் நண்பர் குற்றவாளிகள் என்பாரா? புழல் சிறையில் அந்நியனுக்கு மறுப்பதை, யாழ்ப்பாணத்தில் அடைபட்ட ராமேசுவரத்து மீனவனுக்காக நாம் எந்த முகத்தோடு கேட்பது?