யாருடைய சேமிப்பில் கை வைத்தார்கள்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் ஐம்பது வயதைத் தாண்டும் பெண்கள் ஈ.பி.எஃப். பணம் எடுப்பதற்குப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் "டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க" என்ற குரல் ஓயவில்லை. மகளின் கல்யாணக் கடன், ஒழுகும் லயன் கூரை, கண் சத்திரசிகிச்சை என்று வரப்போகும் பணம் முழுவதற்கும் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

அந்தப் பணத்தில்தான் 2023இல் அரசு கை வைத்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி, ஊழியர் சேமலாப நிதியத்திடம், அதாவது ஈ.பி.எஃப்.இடம், இருந்த திறைசேரி முறிகளைப் புதிய முறிகளாக மாற்றினார்கள். 2025 வரை 12 சதவீத வட்டி, அதன் பிறகு 9 சதவீதம். மறுத்தால் நிதியத்தின் வரி 14இலிருந்து 30 சதவீதமாகும் என்றார்கள். வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. வங்கிகள் சரிந்தால் நாடே சரியும் என்றார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் நிதியத்தை நிர்வகிப்பது மத்திய வங்கி. உறுப்பினர்களின் சார்பில் சம்மதம் சொன்னதும் அதுதான். முப்பது வருடம் கொழுந்து பறித்தவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தக் கடனை அவளா வாங்கினாள்? 2019 இறுதியில் வற் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டி, வருமான வரியையும் குறைத்தவர்கள் ஆட்சியாளர்கள். அரசின் வருமானம் சரிந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது. ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் இதற்குப் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

2022 செப்டம்பரில் விலைவாசி முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடியிருந்தது. அந்த வருடத்துக்கு நிதியம் கொடுத்த வட்டி 9 சதவீதம். சேமிப்பின் மதிப்பு அப்போதே கரைந்துவிட்டது. போதாததற்கு 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. போனுக்கு ரீலோட் போட்டாலும் அவள் வரி கட்டுகிறாள்.

அன்று எதிர்க்கட்சி வரிசையிலிருந்து இந்த மறுசீரமைப்பை எதிர்த்தவர்கள் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இரண்டு. நிதியம் இழந்ததை வரவு செலவுத் திட்டத்தில் தனியாக நிதி ஒதுக்கி, வருடா வருடம் ஈடுகட்டுங்கள். தொழிலாளர்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் பிரதிநிதிகளை நிதியத்தின் நிர்வாகத்தில் உட்கார வையுங்கள். அதில் தோட்டப் பெண்களுக்கும் இடம் இருக்க வேண்டும்.