நம்பர் பிளேட்டுல ஸ்பிரே, வண்டிக்கு பூசை: இது என்ன பக்தி?



கொஞ்ச நாளா நம்ம இளைஞர்கள் மத்தியில ஒரு வீடியோ சுத்துது. போலீஸ்காரர் லேசர் துப்பாக்கி பிடிச்சாலும் நம்ம வண்டி மாட்டாதாம். நம்பர் பிளேட்டுல ஒரு ஸ்பிரே, ஹெட்லைட்டுக்கு ஒரு ஃபிலிம், முன்னால இருக்கிற குரோம் எல்லாத்துக்கும் கறுப்பு ஸ்டிக்கர். அவ்வளவுதான், தைப்பூசத்துக்கு ஜொகூர்ல இருந்து பத்துமலைக்கு 150-ல போகலாமாம். இதை எல்லாம் ஒட்டிக்கிட்டு, அதே வண்டியை கோயில் வாசல்ல நிறுத்தி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, "அண்ணே, ஐயர்கிட்ட சொல்லி ஒரு பூசை போட்டு விடுங்க"ன்னு கேக்குறாங்க. நாங்க கோயில்ல தொண்டு செய்றவங்க. இதுக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. யாருக்கு கோபம் வந்தாலும் பரவாயில்ல, சொல்லிடுறோம்.

முதல்ல இது வேலை செய்யுமான்னு பார்ப்போம். லேசர் துப்பாக்கி அனுப்புறது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, 905 நானோமீட்டர் பக்கம். அந்த ஒளி வண்டியில பட்டு திரும்பி வர எடுக்கிற நேரத்தை வச்சு தூரத்தை அளக்குது. ஒரு விநாடிக்குள்ள நூற்றுக்கணக்கான தடவை அளந்து, தூரம் எவ்வளவு சீக்கிரம் குறையுதுன்னு பார்த்து வேகத்தைச் சொல்லிடுது. அரை விநாடி கூட வேண்டாம். நீங்க பிரேக்கை மிதிக்கிறதுக்கு முன்னால கணக்கு முடிஞ்சிருக்கும்.

திரும்பி வர்ற ஒளியைக் குறைச்சா துப்பாக்கிக்கு வண்டி தெரியாதுங்கிறதுதான் இவங்க யோசனை. ஃபேக்டரியில லைன் பார்க்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல. கறுப்பு பெட்டி வந்தா சென்சார் சில நேரம் பார்க்காம விட்டுடும், உண்மைதான். ஆனா கணக்கைப் போட்டுப் பாருங்க. திரும்பி வர்ற ஒளியைப் பாதியாக் குறைச்சாலும் துப்பாக்கி எட்டுற தூரம் பாதியாகாது. 1,000 மீட்டர்ல பிடிக்கிறது 700 மீட்டர்ல பிடிக்கும், அவ்வளவுதான். தூரம் பாதியாகணும்னா ஒளியைக் கால்வாசியா குறைக்கணும். போலீஸ்காரர் பாலத்து நிழல்ல நின்னு 300 மீட்டர்ல பிடிக்கிறார்னா, உங்க ஸ்பிரே யாருக்கு? கடைக்காரருக்குத்தான் லாபம்.

இன்னொண்ணு. இந்த ஸ்பிரே விளம்பரம் எல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்தது. அங்க நம்பர் பிளேட்டே ஒளியைத் திருப்பி அடிக்கிற தாள்ல செஞ்சது, அதனால துப்பாக்கி பிடிக்கிறவர் பிளேட்டைக் குறி வைப்பார். நம்ம ஊர் சாதாரண பிளேட் கறுப்பு பிளாஸ்டிக், வெள்ளை எழுத்து. அதுல என்னத்தைப் பூசி என்ன ஆகப் போகுது? 300 மீட்டர்ல அந்த லேசர் புள்ளி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம். பிளேட்டை மறைச்சா பம்பர் இருக்கு, ஹெட்லைட் உள்ளே இருக்கிற கண்ணாடிக் கிண்ணம் இருக்கு. அதுல ஒண்ணு போதும். பிளேட்டு மேல எதையாவது ஒட்டி மறைக்கிறது ஜேபிஜே கண்ணுல பட்டா அதுக்குத் தனியா சம்மன். ஒரு சம்மனுக்குப் பயந்து ரெண்டு.

சரி, வேலை செய்யுதுன்னே வச்சுக்குவோம். அப்பதான் எங்களுக்கு இன்னும் பயமா இருக்கு.

தைப்பூசத்துக்கு முன்னால ராத்திரியில ரோட்டோரமா பத்துமலைக்கு நடந்தே போற பக்தர்களை நீங்க பார்த்திருப்பீங்க. மஞ்சள் துணி, வெறுங்கால், சில பேர் தோள்ல தூங்குற பிள்ளை. ரோட்டைக் கடக்க விடுறதுக்கு நாங்க கையில லைட்டு, உடம்புல மினுமினுக்கிற வெஸ்ட் போட்டு நிக்கிறோம். அந்த வெஸ்ட் எதுக்கு? உங்க ஹெட்லைட் வெளிச்சம் பட்டு திரும்பி உங்க கண்ணுக்கே வரணும்னுதான். நீங்க ஹெட்லைட்டுக்கு ஃபிலிம் ஒட்டி வெளிச்சத்தை மங்க வச்சா, நாங்க உங்களுக்குத் தெரிவோமா? நடந்து வர்ற அம்மா தெரிவாங்களா? அவங்க உடம்புல மினுமினுக்கிற வெஸ்ட் கூட இல்லையே.

மோட்டார் சைக்கிள் பகல்லயும் லைட்டு போட்டு ஓட்டணும்னு நம்ம நாட்டுல 1992-லேயே சட்டம் வந்துச்சு. எதிர்ல வர்றவன் கண்ணுக்குத் தெரியணும், அதுக்குத்தான். இன்னைக்கும் வருஷத்துக்கு 6,000 பேருக்கு மேல ரோட்டுல சாகுறாங்க. அதுல பாதிக்கு மேல மோட்டார் சைக்கிள்காரங்க. எத்தனை வீட்டு கருமக்கிரியைக்கு நாம போயிருக்கோம்! தெரியணும்னு ஒரு பக்கம் போராட்டம், தெரியக் கூடாதுன்னு இன்னொரு பக்கம் காசைக் கொட்டி ஸ்டிக்கர்.

"அண்ணே, போலீஸ் ஒளிஞ்சு நின்னு காசு பாக்குறாங்க, அது மட்டும் நியாயமா?"ன்னு கேக்குறாங்க. கேள்வியில நியாயம் இல்லாம இல்ல. 110 போர்டு திடீர்னு 90 ஆகுற இடம் இருக்கு, போர்டே மரத்துக்குப் பின்னால மறைஞ்ச இடமும் இருக்கு. அதைப் படம் எடுத்துப் புகார் கொடுங்க, எம்பிக்கு எழுதுங்க, கோயில் பேர்ல கடிதம் வேணும்னா நாங்க கூட வர்றோம். ஆனா 150-ல போறவனுக்கும் மறைஞ்ச போர்டுக்கும் என்ன சம்பந்தம்? போர்டு நல்லாத் தெரிஞ்சிருந்தா மட்டும் மெதுவா போயிருப்பானா?

சம்மன் அதிகபட்சம் 300 ரிங்கிட். அதுலயும் தள்ளுபடி எப்ப விடுவாங்கன்னு காத்திருந்த ஆளுங்க நாம. 110-ல மோதுறதை விட 140-ல மோதுற அடி ஒண்ணரை மடங்குக்கும் மேல. அதுக்கு யாரும் தள்ளுபடி தர மாட்டாங்க.

ரோட்டோர முனீஸ்வரன் கோயிலைத் தாண்டும்போது ஹாரன் அடிச்சு கும்பிட்டுட்டுப் போற வழக்கம் நமக்கு இருக்கு. காவல் தெய்வம்னு நம்புறோம். போலீசுக்குத் தெரியாம ஓட்டுறதுக்கு அவர்கிட்டயே காவல் கேக்குறது என்ன வழக்கம்? எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு நேரா ஹைவேயில ஏறி 150 மிதிக்கிறவனுக்கு சாமி எந்தப் பக்கம் நிக்கணும்? வண்டிக்குள்ள இருக்கிறவன் பக்கமா, ரோட்டோரம் பால்குடம் தூக்கிட்டு நடக்குறவன் பக்கமா?

கோயில்ல பேசி முடிவு எடுத்திருக்கோம். தைப்பூசத்துக்குக் கிளம்புற வண்டிகளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வழக்கம் போல வாகன பூசை நடக்கும். பிளேட்டுல, ஹெட்லைட்டுல ஒட்டினது எதுவா இருந்தாலும் கழட்டிட்டு வாங்க. கழட்டத் தெரியலைன்னா கொஞ்சம் முன்னாலேயே வாங்க, வாசல்ல தண்ணிக் குழாயும் பழைய துணியும் வச்சிருப்போம், நாங்களே உதவி செய்றோம். ஒட்டினபடியே வர்ற வண்டிக்கு பூசை கிடையாது. யார் பிள்ளையா இருந்தாலும் சரி, எங்க பிள்ளைங்களா இருந்தாலும் சரி.

கோயில் தொண்டர்கள்