சேற்றிலும் நீரிலும் செல்லும் வண்டிக்கு வில் அமைத்தல்

வண்டி வைத்திருக்கும் குடியானவர் யாவரும் அறிந்த ஒரு விஷயம் உண்டு. பாரம் ஏற்றும் கட்டை வண்டிக்கு வில் கிடையாது. மனிதர் ஏறிச் செல்லும் வில்வண்டிக்கு வில் உண்டு. கட்டை வண்டியைச் செய்த தச்சர் வில்லை அறியாமல் அதை விட்டுவிட்டார் என்று எவரும் சொல்லார். நெல் மூட்டைக்கு இடுப்பு வலி இல்லை. பாரவண்டி மெதுவாகச் செல்வது. வயலிலே பழுது நேர்ந்தால் ஊர்க் கொல்லனே அதைச் சரிசெய்ய வேண்டும். இவற்றையெல்லாம் யோசித்தே அவர் வில்லைத் தவிர்த்தார். பிற்பாடு காற்றடைத்த டயர் வந்தது. வில் வைக்காமலே வண்டியின் ஆட்டம் குறைந்தது. மாடுகளின் சிரமமும் குறைந்தது. அதிர்ச்சியைத் தாங்குவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டென்பதும், எவ்வழி உசிதம் என்பதை நிலமும் வேகமும் ஏற்றும் பொருளுமே நிர்ணயிக்கின்றன என்பதும் இதனால் விளங்கும். இப்பழைய பாடத்தை மனத்திற் கொண்டு, நிலத்திலும் நீரிலும் செல்லக்கூடிய சிறு மோட்டார் வண்டிகளைப்பற்றி எமது அபிப்பிராயத்தை இங்கே வெளியிட விரும்புகிறோம்.

இவ்வண்டிகளின் பிறப்பிடம் கனடா தேசம். அங்கே மஸ்கெக் என்னும் புதைசேற்று நிலம் வெகுதூரம் பரந்து கிடக்கிறது. அதில் மனிதன் நடந்தால் கால் புதையும். படகில் செல்லப் போதிய நீரும் இராது. இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க 1961ஆம் வருஷத்தில் ஜைகர் என்ற ஆறு சக்கர வண்டி அந்நாட்டில் செய்யப்பட்டது. ஒண்டாரியோ பிரதேசத்தில் 1967 முதல் ஆர்கோ என்ற பெயருள்ள வண்டிகள் செய்யப்பட்டு வருகின்றன. வேட்டைக்காரர், மின்கம்பி காப்போர், தீயணைப்போர், வெள்ளத்தில் உதவி செய்வோர் ஆகியோர் இவற்றைக் கையாளுகின்றனர்.

இவற்றின் அமைப்பு எளிது. உடல் ஒரு தோணியைப் போன்ற தொட்டி. தொட்டியின் பக்கங்களைத் துளைத்துக்கொண்டு அச்சுக்கள் வெளியே வருகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று அல்லது நான்கு சக்கரங்கள் உள்ளன. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் யாவும் தொட்டிக்குள்ளே சங்கிலிகளால் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. முன் சக்கரத்தைத் திருப்பும் ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. ஒரு பக்கத்தை நிறுத்தி மறு பக்கத்தை ஓட்டினால் வண்டி திரும்பும். ஏர் திருப்பும்போது ஒரு மாடு நின்று மற்ற மாடு சுற்றி வருவதை ஒத்தது இது. நீரில் இறங்கினால் டயரின் வரிகளே துடுப்பாகி, மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டியைத் தள்ளுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு வில் கிடையாது. டயருக்குள் இருக்கும் காற்றே வில்.

நம் நாட்டிலும் இவ்வினம் அறிமுகமாகிவிட்டது. ஏட்டர் என். 1200 என்னும் பெரிய சக்கர வண்டிகளை இந்திய ராணுவம் சேர்த்துக்கொண்டது. 2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பஞ்சாபில் வெள்ளம் சூழ்ந்த கிராமங்களிலிருந்து ஜனங்களை மீட்க அவை உபயோகப்பட்டன. ஆற்றுப் படுகைகளிலும் கழிமுகங்களிலும் நிலம் வைத்திருப்போர் சிலரும் இத்தகைய வண்டி வேண்டுமென்று நினைக்கக்கூடும். வாங்கியவர் முதலில் சொல்லும் குறை, அது உடலைக் குலுக்குகிறது என்பதே. பட்டறைக்காரர் உடனே, வில் வைத்துத் தருகிறேன் என்பார். அவ்வார்த்தைக்கு இணங்குமுன் சிந்திக்க வேண்டியவை பல உள.

முதலாவது, வில் இல்லாமைக்குரிய காரணம். சாதாரண மோட்டார் காரின் டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு அழுத்தமுள்ள காற்று இருக்கும். இவ்வண்டிகளின் டயரிலோ 2 முதல் 5 பவுண்டு வரையில்தான். மெல்லிய டயர் நிலத்தை எவ்வளவு அழுத்துகிறது என்பது ஏறக்குறைய அதனுள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தையே பொறுத்தது. நடக்கும் மனிதனின் பாதம் நிலத்தின்மேல் சதுர அங்குலத்துக்கு இதைவிட அதிகமாகவே அழுத்துகிறது. ஆதலால் மனிதன் புதையும் சேற்றின்மேல் பல மணங்கு பாரத்துடன் இவ்வண்டி செல்லும். டயர் தளர்ந்திருப்பது பாரத்தைப் பரப்புவதற்காக. குலுக்கலைத் தாங்குவது அதனால் வரும் இரண்டாம் பயன்.

இரண்டாவது, அந்தக் காற்று வில்லின் குறை. இரும்பு வில்லோடு அதன் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய் ஒன்றையும் மோட்டார் வண்டிகளில் வைக்கிறார்கள். தளர்ந்த டயருக்கு அவ்வடக்கம் மிகக் குறைவு. மெதுவாகச் செல்லும்போது தோஷம் தெரியாது. கெட்டியான தரையில் வேகம் கூடினால் வண்டி பந்துபோல் குதிக்கத் தொடங்கும். இதற்குச் சரித்திரமே சான்று. 1970இல் ஹோண்டா கம்பெனியார் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய மூன்று சக்கர வண்டிக்கு வில் இல்லை. ஊதிய டயரே போதுமென்று கருதினர். ஜனங்கள் அவ்வகை வண்டிகளில் மேன்மேலும் வேகத்தை விரும்பினர். 1980க்குப் பின் வில் அமைத்த வண்டிகள் வந்தன. ஆயினும் கவிழ்ந்து இறந்தோரும் ஊனமடைந்தோரும் மிகுந்தமையால், மூன்று சக்கர வண்டிகளைப் புதிதாக விற்பதில்லையென்று 1988இல் கம்பெனிகள் அமெரிக்க அரசாங்கத்துக்கு உடன்படிக்கை எழுதிக்கொடுத்தன. வில் வேகத்தைச் சகிக்கச் செய்யும். வேகத்தின் அபாயத்தை நீக்காது.

மூன்றாவது, ஓட்டுபவர் உடல்நலம். இதை அற்பமாகக் கருதலாகாது. நாள்தோறும் பல மணி நேரம் குலுங்கும் ஆசனத்தில் அமர்பவருக்கு முதுகெலும்பு கெடுகிறது. டிராக்டர் ஓட்டி ஜீவிப்போரைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். 2002ஆம் வருஷத்தில் ஐரோப்பியக் கூட்டுறவு நாடுகள், தொழிலாளியின் உடல் எட்டு மணி நேர வேலையில் எவ்வளவு அதிர்ச்சிக்கு உட்படலாம் என்பதற்குச் சட்டமூலம் வரம்பு விதித்தன. ஆகவே குலுக்கலைக் குறைக்க வேண்டுமென்ற கோரிக்கை முற்றும் நியாயமானது. அதற்குச் சக்கரத்தில் வில் வைப்பதுதான் வழியா என்பதே கேள்வி.

இனி, வில் வைப்பதால் வரும் நஷ்டங்களைக் கூறுவோம்.

அச்சு தொட்டியைத் துளைத்து வரும் இடத்தில் ஒரே நிலையில் சுழலும்வரை நீர் புகாமல் அடைப்பது எளிது. வில் வைத்தால் அச்சு மேலும் கீழும் அசைய வேண்டும். துவாரத்தைப் பெரிதாக்கி, அசையும் இரப்பர் உறையால் மூட வேண்டும். அறுவடைத் தாளும் முள்ளும் சங்கும் அவ்வுறையைக் கிழிக்கக் கூடும். கிழிந்தது கரையில் தெரியாது. நடு நீரில் தெரியும்.

சங்கிலி பற்களுக்கிடையே நிச்சயமான தூரத்தை வேண்டி நிற்பது. சக்கரம் ஏறி இறங்கினால் அத்தூரம் மாறி, சங்கிலி தளரும் அல்லது அறும். புயமொன்றில் சக்கரத்தை வைத்து, அப்புயம் அசையும் மையத்திலேயே சங்கிலிப் பல்லையும் அமைத்தால் இத்தோஷம் நீங்கும். அது தொழிற்சாலையில் அளவெடுத்துச் செய்ய வேண்டிய வேலை. சந்தைப்பேட்டைப் பட்டறையில் ஆகாது.

எடையும் சிந்திக்கத் தக்கது. 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 100 கிலோ எடையைக் கூட்டினால், தொட்டி நீரில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அதிகமாக அமிழும். பார்வைக்கு இது சிறிது. ஆனால் நீருக்கு மேல் நிற்கும் விளிம்பே சாணளவுதான் என்றால், அலை புகுவதற்கும் புகாமைக்கும் அந்த 3 சென்டிமீட்டரே பேதமாகும். மேலும் சக்கரம் அசைய இடம் வேண்டி உடலை உயர்த்தினால், சாய்ந்த கரையில் கவிழும் பயம் அதிகப்படும். மிதக்கும்போது பாரம் நீங்கிய வில் விரிந்து சக்கரங்களைத் தாழ்த்துவதால், தாமரைக் கொடியிலும் ஆகாயத்தாமரை வேரிலும் அவை சிக்கும்.

நன்மையே இல்லையோ எனின், உண்டு. வில்லில்லாத ஆறு சக்கர வண்டி வரப்பின்மேல் ஏறும்போது நடுச் சக்கரங்களே முழுப் பாரத்தையும் தாங்கும். வண்டி தராசுபோல் நின்று, பிறகு முன்பக்கம் தடாலென விழும். வில் இருந்தால் நடுச் சக்கரம் பணிந்து மற்றவற்றையும் தரையில் பதியவிடும். பாறை நிலத்திலும் இந்த உபகாரம் பெரிது. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இதே பயனைக் காற்றைக்கொண்டு பெறும் உபாயம் முன்னமே கண்டுபிடிக்கப்பட்டது. 1942இல் அமெரிக்கர் செய்த டக் என்னும் நீர்நில லாரி, ஓட்டுபவர் தம் ஆசனத்திலிருந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள முதல் வண்டியாகும். பாதையில் நிறைந்த காற்று, கடற்கரை மணலில் குறைந்த காற்று என்பது அதன் முறை. இக்காலத்து ஷெர்ப் வண்டியில் சக்கரங்களின் காற்றறைகள் குழாயால் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறி நசுங்கினால் அதன் காற்று மற்றச் சக்கரங்களுக்குச் செல்லும்; வண்டி கல்லை விழுங்கினாற்போல் கடக்கும். அசையும் இரும்பு ஒன்றுமின்றியே வில்லின் வேலை நடைபெறுகிறது. நாம் முன்னே சொன்ன ஏட்டர் வண்டியும் அவ்வினத்தைச் சார்ந்ததே.

ஆகையால் நிலத்துக்கேற்ற ஒழுங்கைப் பின்வருமாறு கூறலாம். தொளியிலும் சதுப்பிலும் வண்டிக்காரர் குறிப்பிட்ட வரம்புக்குள் காற்றைக் குறைத்து மெதுவாகச் செல்லுக. மணலிலும் அவ்வாறே. கெட்டிப் பாதையில் அதே வரம்புக்குள் காற்றைக் கூட்டி, வண்டி துள்ளத் தொடங்கும் வேகத்துக்குக் கீழே நிற்க. வரப்பைக் குறுக்கிட நேரும் இடத்தில் இருபுறமும் மண்ணிட்டுச் சரிவாக்குக. வரப்பும் பிழைக்கும், இடுப்பும் பிழைக்கும். 3 பவுண்டு அழுத்தத்தைச் சாதாரண அளவுமானி சரியாகக் காட்டாது. தாழ்ந்த அழுத்தத்துக்கென்று உள்ள அளவுமானியை வாங்கி வைத்துக்கொள்ளுக. ஒரு பக்கத்து டயர்கள் மறு பக்கத்தைவிட ஊதியிருந்தால் வண்டி ஒரு புறமாகவே இழுக்கும். ஒரே பக்கத்தில் பேதமிருந்தால் சங்கிலி தேயும்.

குலுக்கல் அதன் பின்னும் மிகுதியாயின், முதற்பணத்தை ஆசனத்தில் செலவிடுக. டிராக்டரின் பின் அச்சுக்குப் பொதுவாக வில் இல்லை. உழவுக் கருவியின் ஆழம் மாறாதிருக்க அவ்வமைப்பே வேண்டும். அதிலே வில்லைச் சக்கரத்துக்கு வையாமல் ஆசனத்துக்கு வைத்தார்கள். நம் வண்டிக்கும் அம்முறையே தகும். துள்ளலை அடக்கும் குழாயுடன் கூடிய ஆசனம் தொட்டியைத் துளைப்பதில்லை. பழுதானால் வண்டி முழுகுவதுமில்லை. அதன் உயரத்தை மட்டும் கூட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாள்தோறும் பல மைல் கற்பாதையில் செல்ல வேண்டியவர் என் செய்வது என்று கேட்கலாம். அன்னார் நீரில் செல்லும் வண்டியை வாங்கி அதற்கு வில் வைப்பதைவிட, வில்லுள்ள நிலவண்டி ஒன்றையும், வேண்டிய சமயத்துக்குப் படகு ஒன்றையும் வைத்துக்கொள்வது சிலாக்கியம். எல்லா நிலத்துக்கும் ஒரே வண்டி என்னும் ஆசை, ஒவ்வொரு நிலத்திலும் அரைகுறையான வண்டியையே தரும். வில் அவசியமென்று கண்டவர், செய்த கம்பெனியே வில்லுடன் செய்து நீரில் சோதித்துக் கொடுக்கும் வண்டியை வாங்குக.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. வெள்ளக் காலத்துக்கென்று இத்தகைய வண்டி உங்கள் பொறுப்பில் வருமாயின், தொட்டியில் எவரும் புதுத் துவாரம் செய்ய அனுமதிக்க வேண்டாம். எந்தப் பழுது பார்த்த பிறகும் ஏரியின் ஆழமில்லாத ஓரத்தில், முழுப் பாரத்துக்குச் சமமான மணல் மூட்டைகளை ஏற்றி, மிதக்கவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அடித்தளத்தைப் பாருங்கள். ஈரம் கண்டால் அதை மழைக்காலத்துக்கு முன் அடையுங்கள். வெள்ளத்தன்று அவ்வண்டியில் ஏறுகிறவர்கள் கைக்குழந்தையுடன் வரும் தாய்மாரும், நடக்கமாட்டாத முதியோருமே. அவர்கள் குலுக்கலைப் பொறுத்துக்கொள்வார்கள். ஓட்டைத் தொட்டியை நீர் பொறுக்காது.

வில்லுக்கு நாம் விரோதியல்லோம். வில்வண்டியில் வில் இருப்பது எவ்வளவு உசிதமோ, கட்டை வண்டியில் அது இல்லாதிருப்பதும் அவ்வளவு உசிதம். காற்றை அளந்து வைத்தல், வேகத்தை அடக்குதல், ஆசனத்தைச் சீர்செய்தல் ஆகிய மூன்றையும் செய்து பார்க்குமுன் சக்கரத்தில் கை வைக்கலாகாது என்பதே எமது துணிபு.