வேதாளத்தை விரட்ட வேண்டாம்

சென்ற மாதம் நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கதை சொல்லும் முறை என்னுடையது. செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று மூன்று பக்கங்களிலிருந்தும் வந்திருந்த குழந்தைகளுக்கு விக்கிரமாதித்தன் கதையைச் சொன்னேன். நள்ளிரவு, சுடுகாடு, முருங்கை மரம், அதில் தொங்கும் பிணம், அதற்குள் இருந்து பேசும் வேதாளம் எல்லாம் உண்டு. மறுவாரம் இரண்டு தாய்மார்கள் வந்து, "மாமா, பேய்க் கதையெல்லாம் வேண்டாமே, ஏதாவது நீதிக் கதையாகச் சொல்லுங்களேன்" என்றார்கள். வேதாளத்தைச் சிரிப்பு மூட்டும் குட்டிப் பூதமாக மாற்றிவிடலாம் என்றார் இன்னொரு அன்பர். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இரண்டு யோசனைகளையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கதை சொன்ன அன்று ஒரு பையன் கேட்டான்: "அந்தப் பிணத்தைக் கீழே போட்டுட்டு ராஜா வீட்டுக்குப் போயிடக் கூடாதா தாத்தா?" நான் பதில் தேடுவதற்குள் பக்கத்தில் இருந்த சிறுமி, "போட்டா அது திரும்ப மரத்துக்குத்தான் போகும். மறுபடியும் தூக்கணும்" என்றாள். பையன் மெல்லத் தலையாட்டினான். அவன் தாயார் பல மாதங்களாகப் பரேலில் சிகிச்சைக்குப் போய் வருகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எந்தச் சுமையை நினைத்து அவன் கேட்டான் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் கூடாது.

நம் இலக்கணத்தில் பிறிது மொழிதல் என்று ஓர் அணி உண்டு. சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லிப் புரியவைப்பது. மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். அந்தக் குறளில் அரசனும் இல்லை, படையும் இல்லை. ஆனாலும் நமக்குப் புரிகிறது. குழந்தைகளுக்கான பேய்க் கதையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். சாவு, பிரிவு, வீட்டில் பெரியவர்கள் மறைத்துப் பேசும் விஷயங்கள் இவற்றை நேராகச் சொன்னால் குழந்தை தாங்காது. பேயின் உருவில் சொன்னால் தாங்கும். விரும்பியும் கேட்கும்.

பாழடைந்த மாளிகையும் கல்லறையும் வரும் இத்தகைய கதைகளை ஆங்கிலத்தில் 'காதிக்' கதைகள் என்பார்கள். 1764-இல் பெரியவர்களுக்காகத் தொடங்கிய அந்த வகை இன்று குழந்தைகளுக்காகவும் எழுதப்படுகிறது. ஷிவான் டௌட் என்ற எழுத்தாளர் மனத்தில் ஒரு கதையை வைத்திருந்து, எழுதி முடிக்காமலே 2007-இல் புற்றுநோயால் இறந்தார். அந்தக் கருவை வைத்து பேட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' 2011-இல் வெளிவந்தது. கடும் நோயில் இருக்கும் தாயின் மகனிடம், நள்ளிரவு கடந்து ஏழு நிமிஷத்தில், கல்லறைத் தோட்டத்து மரம் ஒன்று நடந்து வருகிறது. மூன்று கதைகள் சொல்கிறது. நான்காவது கதையை நீ சொல், அது உன் உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மரம், இரவு, கதை, உண்மையைச் சொல்லியே தீர வேண்டிய கட்டாயம்... இது நம் வேதாளத்துக்குப் பக்கத்து வீடல்லவா!

வேதாளக் கதை பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகர'த்திலேயே இருக்கிறது. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தோளில் பிணம், கையில் வாள் என்று சங்கர் வரைந்த படத்தை என் வயதுக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். கதையின் முடிவைக் கவனியுங்கள். அரசனைக் காப்பாற்றுவது, அத்தனை முறை அவனை அலைக்கழித்த அந்த வேதாளமே. அவனைக் கொல்லத் திட்டமிட்டவன், பணிவோடு பழம் கொண்டுவந்து கொடுத்த துறவி. பயமுறுத்துவதெல்லாம் பகையல்ல, இனிப்பதெல்லாம் நட்பல்ல. இந்த மும்பையில் வளரும் பிள்ளைக்கு இதைவிட அவசியமான பாடம் எது? வேதாளத்தைக் கோமாளி ஆக்கினால் இந்தப் பாடம் போய்விடும். கதை முடிந்ததும் "இதன் நீதி என்னவென்றால்" என்று ஆரம்பித்தாலும் போய்விடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சோறு ஊட்டவும் தூங்கவைக்கவும் "பூச்சாண்டி வருவான்" என்று மிரட்டுவது வேறு. அதில் கதையும் இல்லை, முடிவும் இல்லை. வெறும் பயம்தான் இருக்கிறது. அதை நானும் எதிர்க்கிறேன். மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சுடுகாட்டுக் கதை வேண்டாம் என்பதும் சரியே. எட்டு, ஒன்பது வயதானவர்களுக்குச் சொல்லலாம். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அரசன் பிழைத்து விடியும்வரை சொல்லி முடிக்க வேண்டும்.

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்களில் சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மாதம் ஒரு ஞாயிறு வகுப்புக்கு அழைக்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை. தாய்மார்களும் கூட உட்கார்ந்து கேட்கட்டும். இரவில் பிள்ளை ஏதாவது கேட்டால், கதையைத் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இருப்பார்.

அந்தப் பையன் போன ஞாயிறும் வந்திருந்தான். அடுத்த கதை என்ன என்று கேட்டான். வேதாளம் இன்னும் மரத்தில்தான் இருக்கிறது என்றேன்.